பொற்கிழி யாருக்கு?

இயந்திரம் எழுதித் தரும் காலத்திலே எழுதுவோரின் நேர்மையும் சன்மானமும்

தருமியின் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. பாட்டியார் சொல்லக் கேட்டவர் பலர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே படித்தவர் சிலர். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்திலே நடிகர் நாகேஷ் தனியே நின்று புலம்பக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவர் எண்ணற்றோர். பாண்டிய மன்னனின் உள்ளத்தில் எழுந்த ஐயத்தைத் தீர்த்து வைக்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழி பரிசு. தருமியோ தாய் தந்தையரை இழந்த ஏழை இளைஞன். மணம் முடிக்கப் பொருள் வேண்டும். பொருள் பெறப் பாட்டு வேண்டும். பாட்டு அவனுக்கு வராது. ஆலவாய் இறைவனிடம் முறையிட்டான். பாட்டு எழுதப்பெற்ற ஓலை கையிலே கிடைத்தது. சபையிலே கொண்டுபோய்க் கொடுத்தான். மன்னன் மகிழ்ந்தான். கிழியை எடுக்கத் தருமி கை நீட்டிய வேளையிலே, பாட்டிலே குற்றம் உண்டு என்று கூறி நக்கீரர் தடுத்துவிட்டார்.

இக்கதையைச் சொல்வோர் அனைவரும் இந்த இடத்திலிருந்து நக்கீரருக்கும் இறைவனுக்கும் நிகழ்ந்த பெருவாதத்துக்கு விரைந்து போய்விடுவர். நாம் சற்று நேரம் தருமியின் பக்கத்திலேயே நிற்போம். குற்றம் என்று கூறியபோது அவனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடிந்ததா? முடியவில்லை. ஏனெனில் பாட்டு அவனுடையதன்று. அதன் பொருளும் அவனுடையதன்று. எழுதித் தந்தவனிடமே திரும்பி ஓடினான். எழுதியவன் சபைக்கு வந்து, தன் பாட்டுக்காகத் தானே வாதாட வேண்டியதாயிற்று. அழைத்தவுடன் வரும் ஒருவனிடம் பாட்டைப் பெற்றது தருமியின் நல்லூழ் எனலாம்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கையிலும் தருமிக்குக் கிடைத்ததை ஒத்த ஓர் உதவி இருக்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள் ‘சட் ஜிபிடி’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னர் அதனை ஒத்த வேறு கருவிகளும் வந்துவிட்டன. கட்டுரை வேண்டுமா, கதை வேண்டுமா, வாழ்த்துப்பா வேண்டுமா, கேட்ட அரை நிமிடத்திலே ஓலை கையில் விழுகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நக்கீரர் ஒருவர் எழுந்து குற்றம் என்று கூறினால், இந்த எழுதும் இயந்திரம் சபைக்கு வந்து நிற்பதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் கிழிக்குக் கை நீட்டியவர் மட்டுமே.

இத்தகைய எழுத்துக்குச் சன்மானம் பெறுவது தகுமா? தகுமெனில் எப்பொழுது? பெற்றோரும் மாணாக்கரும் ஒருங்கே அமர்ந்து ஆராய வேண்டிய வினா இது.

ஒரு ஞாயிறு இதழின் துயரம்

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரத்திலே ‘சன் ரைம்ஸ்’ என்பது நெடுங்காலப் பத்திரிகை. 2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கோடைகாலத்தை முன்னிட்டு அப்பத்திரிகையுடன் ஓர் இணைப்பிதழ் வெளிவந்தது. விடுமுறையிலே குடும்பத்தினர் படிக்கத் தகுந்தவை என்று 15 நூல்களின் பட்டியல் ஒன்றை அவ்விணைப்பிதழ் தந்திருந்தது. எழுத்தாளர்களின் பெயர்கள் யாவும் மெய்யானவை. இசபெல் அயெந்தே போன்று உலகறிந்தவர்கள். நூல்களின் பெயர்களும் கதைச் சுருக்கங்களும் படிப்பவர் நாவில் நீர் ஊறச் செய்வன. ஆனால் அந்த 15 நூல்களிலே மெய்யாக உள்ளவை 5 மட்டுமே. எஞ்சிய 10 நூல்களை அவ்வெழுத்தாளர் எவரும் எழுதவே இல்லை!

நடந்தது யாதெனின், அவ்விணைப்பிதழைப் பத்திரிகைக் காரியாலயம் தானே தயாரிக்கவில்லை. பல பத்திரிகைகளுக்குப் பக்கங்களைச் செய்து விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து அது வந்தது. அந்நிறுவனத்துக்காக எழுதிய ஒருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பட்டியலைப் பெற்றுச் சரிபாராமலே அனுப்பிவிட்டார். பின்னர் தம் தவற்றை அவர் ஒப்புக்கொண்டார். ‘பிலடெல்பியா இன்குவயரர்’ என்னும் பத்திரிகையிலும் அதே பக்கங்கள் வெளியாகியிருந்தன. அந்தப் பதிப்புக்குச் சந்தாதாரர்களிடம் கட்டணம் அறவிடுவதில்லை என்று சிக்காகோப் பத்திரிகை அறிவிக்க நேர்ந்தது. பொருள் பொய்யானால் விலையும் பெறலாகாது என்ற முறைமையை அப்பத்திரிகையேனும் உணர்ந்தது என்று ஆறுதல் கொள்ளலாம்.

இயந்திரம் ஏன் இவ்வாறு பொய் கூறுகின்றது என்று நம் பிள்ளைகள் கேட்பர். அது பொய் கூற எண்ணுவதில்லை. மெய் கூறவும் எண்ணுவதில்லை. மனிதர் எழுதிவைத்த கோடானுகோடிச் சொற்களைக் கொண்டு அது பயிற்றப்பட்டிருக்கின்றது. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் பொருந்தும் என்று கணித்துக் கணித்துத் தொடுத்துச் செல்வதே அதன் அடிப்படைத் தொழில். ஆகவே நூற்பெயர் போன்று ஒலிக்கும் ஒன்றை அது எளிதிலே அமைத்துவிடும். அந்த நூல் உலகத்தில் உண்டா என்று சென்று பார்ப்பது மனிதனின் கடமை.

வீட்டுக் கணக்கு அறிந்த தாய்மாருக்கு இன்னோர் உதாரணம் விளங்கும். ‘சீநெற்’ என்னும் அமெரிக்கச் செய்தி நிறுவனம் பணம் பேணுதல் பற்றிய 77 கட்டுரைகளை இயந்திரத்தின் துணையுடன் வெளியிட்டிருந்தது. எழுதியது யார் என்பதை வாசகர் எளிதிலே காணத்தக்கதாக அது எடுத்துக் கூறவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே விடயம் வெளிப்பட்டபின் ஆராய்ந்து, 41 கட்டுரைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்று, 10,000 டொலரை 3 வீத வட்டிக்கு இட்டால் ஓராண்டில் 10,300 டொலர் ஈட்டலாம் என்று கூறியது. முதலையும் வட்டியையும் ஒன்றாகக் குழப்பிய கணக்கு இது. உண்மையிலே கிடைப்பது 300 டொலர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும் பிழை, அழகிய நடையிலே மறைந்து கிடந்தது.

இவற்றினும் பெரிய பாடம் நியூ யோர்க் நீதிமன்றத்திலே கிடைத்தது. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கிலே, இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டி வழக்கறிஞர்கள் எழுத்துரை சமர்ப்பித்தனர். இயந்திரம் தந்த மேற்கோள்கள் அவை. அத்தீர்ப்புகள் மெய்யானவையா என்று அவ்வியந்திரத்திடமே கேட்டு, ஆம் என்று அது கூறியதையும் நம்பியிருந்தனர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நம்பத்தகுந்த கருவியின் துணையை நாடுவது இயல்பாகவே தவறு என்று நீதிபதி கூறவில்லை. தாம் சமர்ப்பிப்பது மெய்யானதா என்று உறுதிசெய்யும் கடமை வழக்கறிஞரையே சாரும் என்றார். கட்டுரைக்குக் கீழே இடும் பெயரும் அத்தகையதே. பெயர் என்பது அழகுக்காக இடுவதன்று, அது பிணை. கடன் பத்திரத்திலே பிணைநின்று ஒப்பமிட்டவன், பின்னர் எனக்கொன்றும் தெரியாது என்று கையை விரிக்க முடியுமா?

கதவடைத்த சஞ்சிகை

இனிச் சன்மானத்தின் பக்கம் வருவோம். ‘கிளாக்ஸ்வேர்ல்ட்’ என்பது அமெரிக்காவிலே 2006ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவரும் விஞ்ஞானக் கற்பனைச் சஞ்சிகை. அதன் ஆசிரியர் நீல் கிளாக். பெயர் பெற்றவர், பெயர் பெறாதவர் என்ற பேதமின்றி எவர் கதை அனுப்பினாலும் படித்துப் பார்ப்பது அச்சஞ்சிகையின் வழக்கம். 2023ஆம் ஆண்டிலே சொல் ஒன்றுக்கு 12 சதம் சன்மானம் வழங்கியது. 5,000 சொற்கள் கொண்ட கதைக்கு 600 டொலர் என்பது, கதை எழுதிப் பிழைப்போருக்குப் பெருந்தொகை.

அந்த ஆண்டு பெப்ரவரி மாதத்திலே நிகழ்ந்ததைக் கேளுங்கள். மாதம் முடிவதற்கு முன்னரே மனிதர் எழுதிய 700 கதைகளுடன், இயந்திரம் எழுதிய 500 கதைகள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களிற் பலர் அச்சஞ்சிகையைப் படிக்கும் பழக்கம் உடையவர் அல்லர். இயந்திரத்தைக் கொண்டு எளிதிலே பணம் ஈட்டலாம் என்று ஆசை காட்டுவோரின் பேச்சிலே மயங்கியவர்கள். ஆசிரியர் எத்தனையைத்தான் படித்துத் தள்ளுவார்? 20ஆம் நாள், கதைகளை ஏற்கும் வாயிலையே அடைத்துவிட்டார். மார்ச் மாதத்திலேதான் அது மீண்டும் திறக்கப்பட்டது.

வாயில் அடைபட்டதால் இழந்தவர் யார்? 500 கதைகளை அனுப்பியோருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவர்கள் வேறு வாயிலைத் தேடிச் சென்றிருப்பர். புகழ்பெற்ற எழுத்தாளருக்கும் பெரிய இழப்பில்லை. அவர் பெயரே அவருக்கு வழி திறக்கும். இராப்பகலாய் எழுதித் திருத்தி, முதற்கதையை அனுப்பக் காத்திருந்த புதியவரே இழந்தார். கட்டணம் வாங்கியோ, நாடு பார்த்தோ வடிகட்டத் தொடங்கினால், வறிய நாடுகளிலிருந்து எழுதும் நேர்மையாளர்களே மேலும் தள்ளப்படுவர் என்ற கவலையும் அவ்வாசிரியருக்கு இருந்தது.

நம் வீடுகளிலே சீட்டுப் பிடிப்பதுண்டு. மாதந்தோறும் எல்லோரும் பணம் போட்டால்தான் ஒருவர் மாறி ஒருவர் எடுக்க முடியும். போடாமலே எடுக்க ஒருவர் முற்பட்டால் அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளின் காதணிக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலிருந்தே போகின்றது. சன்மானமும் அத்தகையதே. பத்திரிகையாயினும், பரிசுப் போட்டியாயினும், வாசகர் கூடி எழுதுவோருக்குப் பங்கிட்டு வழங்கும் நிதியாயினும், பொற்கிழியிலே உள்ள பொன் அளவானது. உழைப்பை இடாமல் ஒருவர் எடுக்கும் பொன், உழைப்பை இட்ட இன்னொருவரின் பொன். ‘நான் யாருடைய எழுத்தையும் களவெடுக்கவில்லையே’ என்று இயந்திர எழுத்தை விற்பவர் கூறலாம். எழுத்தைக் களவெடுக்கவில்லை, எழுதியவரின் முறையைக் களவெடுக்கின்றார்.

குளக்கட்டுக்குப் போன சிறுமி

பொன் மட்டுமன்று, அதனினும் அரியதொன்றும் இழக்கப்படுகின்றது. கிராமத்துச் சனசமூக நிலையம் ஒன்று ஆண்டுவிழாவுக்காகக் கட்டுரைப் போட்டி நடத்துகின்றது என்று வைத்துக்கொள்வோம். பொருள், ‘எங்கள் ஊர்க் குளம்’. முதற்பரிசு 10,000 ரூபா. ஒரு சிறுமி மூன்று மாலைப் பொழுதுகள் குளக்கட்டிலே சென்று இருக்கின்றாள். வயல் செய்யும் பெரியவரிடம் துருசு எப்பொழுது திறப்பார்கள் என்று கேட்கின்றாள். கட்டு உடைத்த வெள்ளத்தைப் பற்றித் தன் அம்மம்மா கூறியதை எழுதுகின்றாள். இரண்டு எழுத்துப்பிழைகளும் ஒரு பொருந்தாத உவமையும் அவள் கட்டுரையிலே உண்டு. அடுத்த தெருவிலே ஒரு சிறுவன். கெட்டவன் அல்லன், கெட்டிக்காரன். கைபேசியிலே தலைப்பை இட்டு, வந்ததைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகின்றான். தாமரை இருக்கின்றது, நிலவு இருக்கின்றது, மீன்கொத்தியும் இருக்கின்றது. எந்த ஊருக்கும் பொருந்தும் குளம் அது; அந்த ஊர்க் குளம் மட்டும் அதிலே இல்லை.

நடுவர்கள் பிழையற்ற நடையைக் கண்டு சிறுவனுக்கே முதற்பரிசை வழங்கிவிடுகின்றார்கள். சிறுவன் 10,000 ரூபா பெற்றான்; குளக்கட்டின் மாலைப் பொழுதுகளை இழந்தான். எழுதுதல் என்பது பார்த்ததையும் கேட்டதையும் தன் அறிவிலே தானே அடுக்கிப் பார்த்தல். அப்பயிற்சி அவனுக்கு நேரவே இல்லை. சிறுமி பெற்ற பாடமோ அதனினும் கொடியது. குளக்கட்டுக்குப் போனவள் பேதை என்பதே அப்பாடம். அடுத்த ஆண்டு அவள் குளக்கட்டுக்குப் போவாளா? ஓர் ஊரின் கதையைச் சொல்லக்கூடிய பேனா ஒன்று அன்றைக்கு மூடப்பட்டுவிடுகின்றது.

பெத்திசமும் பரீட்சையும்

இவ்வளவும் கூறியதால், இயந்திரத்தைத் தொடுவதே பாவம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அதுவும் நியாயமன்று. நம் நாட்டிலே கச்சேரி வாயில்களிலே பெத்திசம் எழுதிக் கொடுப்போர் இருந்தனர். எழுத வாசிக்க அறியாத விதவைத் தாய் தன் குறையைச் சொல்ல, அவர் முறையான மொழியிலே எழுத, தாய் கைநாட்டு இடுவாள். அதை மோசடி என்று எவராவது கூறினாரா? இல்லை. ஏனெனில் அங்கே அதிகாரி மதிப்பிடுவது அவளுடைய குறையை. எழுத்து நடையை அன்று. குறை அவளுடையது, ஆகவே மனுவும் அவளுடையது. கற்பனையாய் ஒரு குறையை அவர் சேர்த்து எழுதினால் மட்டுமே அது மோசடியாகும்.

அதே தாயின் மகன் பரீட்சை மண்டபத்திலே இன்னொருவரை இருத்தி எழுதுவித்தால் நாம் பொறுப்போமா? பொறுக்கமாட்டோம். அங்கே மதிப்பிடப்படுவது அவனுடைய அறிவே அன்றோ? செயல் ஒன்றுதான், ஒருவருக்காக இன்னொருவர் எழுதுதல். ஒன்று உதவி, மற்றது களவு. வேறுபாடு எங்கே உள்ளது? எதற்காகப் பரிசு என்பதிலே உள்ளது.

எனவே நேர்மையைச் சோதிக்க நீண்ட சட்டநூல் வேண்டியதில்லை. ஒரு வினாவே போதும். நான் இதனை எவ்வாறு எழுதினேன் என்று முழுவதும் அறிந்தால், தருபவர் இந்தச் சன்மானத்தை எனக்குத் தருவாரா? தருவார் எனின் தாராளமாய்ப் பெற்றுக்கொள்க. தரமாட்டார் எனின், அதனை மறைத்துப் பெறும் ஒவ்வொரு சதமும் பிறர் பொருள். எழுத்துப்பிழை திருத்துவிப்பதை அறிந்தால் பத்திராதிபர் முகம் சுளிக்கமாட்டார். ஆங்கிலத்திலே தடுமாறும் ஒருவர் தம் சொந்தக் கருத்தைச் சீர்படுத்த உதவி பெற்றதை அறிந்தாலும், சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். தலைப்பை மட்டும் இட்டு முழுக் கட்டுரையையும் பெற்றதை அறிந்தால் என்ன சொல்வார் என்பதை நாம் அறிவோம். நாம் அதை மறைக்க விரும்புவதே அதற்குச் சான்று.

சொல்லிவிட்டுச் செய்தவர்கள்

யப்பான் நாட்டின் பெருமைக்குரிய இலக்கிய விருதுகளுள் ஒன்று அகுத்தகாவா பரிசு. 2024ஆம் ஆண்டு ஜனவரியிலே ரியே குடான் என்னும் பெண் எழுத்தாளர் அதனைப் பெற்றார். அவரது நாவலிலே செயற்கை நுண்ணறிவுக்கும் ஒரு பங்கு உண்டு. பரிசு பெற்ற கையோடு, நூலிலே ஏறத்தாழ 5 வீதம் இயந்திரம் தந்த வாசகத்தை அப்படியே எடுத்தாண்டதாக அவர் வெளிப்படையாகக் கூறினார். வாதங்கள் எழுந்தன; பரிசு நிலைத்தது. அவர் எதனையும் மறைத்தார் என்று எவரும் கூற இடமில்லை.

அதற்கு முன், 2023ஆம் ஆண்டு ஏப்ரலிலே, ஜேர்மனியக் கலைஞர் பொறிஸ் எல்டக்சன் சோனி உலகப் புகைப்பட விருதுகளிலே ஒரு பிரிவின் பரிசைப் பெற்றார். அது தாம் பிடித்த படமன்று, செயற்கை நுண்ணறிவு ஆக்கிய படம் என்று கூறிப் பரிசை மறுத்துவிட்டார். இத்தகைய படத்தைப் புகைப்படத்துடன் ஒரே தராசிலே வைக்கலாகாது என்பது அவர் கருத்து.

ஹொலிவூட்டின் திரைக்கதை எழுத்தாளர்கள் இவ்விடயத்தைத் தொழிற்சங்கத்தின் பேரம் பேசும் மேசைக்கே கொண்டு சென்றனர். 2023ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தொடங்கிய அவர்களது வேலைநிறுத்தம் 148 நாட்கள் நீடித்தது. பின்னர் உண்டான ஒப்பந்தத்திலே, இயந்திரத்தின் எழுத்தைக் காட்டி எழுத்தாளரின் பெயரையோ ஊதியத்தையோ குறைக்கலாகாது. இயந்திரத்தைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தலாகாது. கம்பெனியின் சம்மதத்துடன் எழுத்தாளர் தாமே பயன்படுத்தலாம். இயந்திரம் ஆக்கிய எழுத்தை எழுத்தாளரிடம் கொடுக்கும்போது அதனைக் கம்பெனி வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்தனர். கவனியுங்கள், சொல்லும் கடமை எழுதுவோருக்கு மட்டுமன்று, எழுதுவிப்போருக்கும் உண்டு.

‘இவை மேல்நாட்டு நாகரிகம்’ என்று ஒதுக்க வேண்டா. 1887ஆம் ஆண்டிலே சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுப்பிரதி கொடுத்துதவியவர்களைத் தம் முகவுரையிலே குறித்து வைத்தார். பொருள் விளங்காத இடங்களிலே சைன அன்பர்களை அணுகிக் கேட்டுத் தெளிந்ததை அவர் மறைத்ததில்லை. துணை பெற்றதைச் சொன்னதனால் அவர் புகழ் ஓர் அணுவும் குறையவில்லை. இயந்திரத்தின் துணையையும் கட்டுரையின் அடியிலே ஒரு வரியிலே சொல்லிவிடுவது அந்த மரபின் தொடர்ச்சியே.

இயந்திரம் யாரிடம் கற்றது?

நியாயமான சன்மானம் என்ற பேச்சு எழுதுவோருடன் முடிவதில்லை. எழுதும் இயந்திரத்துக்குச் சொல் கற்பித்தவர் யார்? உலகத்து எழுத்தாளர்களே. அவர்களைக் கேட்டோ கூலி கொடுத்தோ பெரும்பாலும் கற்பிக்கப்படவில்லை. அமெரிக்காவிலே இது வழக்காயிற்று. ‘அன்த்ரொபிக்’ என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்கு எதிராக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கிலே, 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே நீதிபதி இரு வகையாகத் தீர்ப்புக் கூறினார். நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவது நியாயமான பயன்பாடு என்றார். களவாய் எடுத்த பிரதிகளைச் சேர்த்து நூலகமாக வைத்தது நியாயமன்று என்றார். அதே ஆண்டிலே 150 கோடி டொலர் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது. நூல்கள் ஏறத்தாழ 5 இலட்சம். நூல் ஒன்றுக்குச் சுமார் 3,000 டொலர். ஆயிரம் பேரின் உழைப்பிலே விளைந்த வாக்கியத்தை ‘என் கைவண்ணம்’ என்று ஒருவர் விற்கும்போது, இந்தக் கணக்கையும் நினைவு கூர்தல் வேண்டும்.

காவலுக்கு நிற்பது யார்?

‘இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னோர் இயந்திரம் இருக்கின்றதே’ என்று சிலர் கூறுவர். அந்த நம்பிக்கை ஆபத்தானது. சட் ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே அத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. இயந்திர எழுத்து நூற்றிலே 26ஐ மட்டுமே அது சரியாக இனங்கண்டது. போதிய துல்லியம் இல்லை என்று கூறி, ஜூலை மாதத்திலே அதனை மீளப் பெற்றுக்கொண்டனர். அதே ஆண்டு ஸ்ரன்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணாக்கர் எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக 61 வீதத்துக்கு மேற்பட்டவற்றை இயந்திரத்தின் எழுத்தென்று அவை தவறாகக் கூறின. எளிய சொற்களிலே, கற்ற அளவுக்கு ஒழுங்காக எழுதியதே அப்பிள்ளைகள் செய்த குற்றம்!

நம் பிள்ளைகளும் அந்நிலையில் உள்ளவர்களே. தன் கையால் எழுதிய பிள்ளையைக் கள்வன் என்று ஓர் இயந்திரம் சுட்ட, ஆசிரியரும் அதை நம்பினால், அந்த உள்ளத்துக் காயம் எளிதில் ஆறாது. ஆகவே ஆசிரியப் பெருமக்களும் போட்டி நடத்துவோரும் இயந்திரத்தின் சுட்டுவிரலை நம்பாது நக்கீரரின் வழியைக் கைக்கொள்வார்களாக. எழுதியவரை அழைத்து இரண்டு வினா வினவுதல் போதும். இச்சொல்லை ஏன் இட்டாய்? இந்தச் செய்தியை எங்கே அறிந்தாய்? குளக்கட்டுக்குப் போன சிறுமி மணிக்கணக்கிலே பேசுவாள். முதற்படியை, அடித்தல் திருத்தலுடன் கொண்டுவரச் சொல்லலாம். பிழையற்ற நடைக்குப் பரிசு தருவதை விடுத்து, தானே கண்டறிந்து சொன்னதற்குப் பரிசு தரலாம். பத்திரிகை நடத்துவோரும் தங்கள் பங்கை மறத்தலாகாது. அற்பச் சன்மானத்துக்கு அளவற்ற பக்கங்களைக் கேட்டால், எழுதுவோர் குறுக்குவழியை நாடுவதிலே வியப்பில்லை. சிக்காகோப் பத்திரிகையும், அந்த இணைப்பிதழ் வெளிவருவதற்கு இரு மாதங்களுக்கு முன், தன் ஊழியர்களிலே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரை இழந்திருந்தது.

பெற்றோர்களே, பிள்ளையின் கைபேசியைப் பறிப்பதனால் இது தீராது. அவன் எழுதியதைச் சாப்பாட்டு வேளையிலே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பிழை இருந்தாலும், ‘இது உன் எழுத்து’ என்று ஒரு சொல் சொல்லுங்கள். அந்தச் சொல்லும் ஒரு சன்மானமே.

மாணவச் செல்வங்களே, தருமியின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. கடைசியிலே பொற்கிழி அவனுக்கே கிடைத்தது என்று புராணம் கூறும். அப்பாடலோ குறுந்தொகையிலே இரண்டாம் பாடலாய் இன்றும் இருக்கின்றது. நூலைத் திறந்து, பாடியவர் பெயரைப் பாருங்கள். தருமி என்று இராது. இறையனார் என்றே இருக்கும். பொன் செலவாகிப் போயிற்று. பாட்டு, பாடியவர் பெயரிலேயே நிற்கின்றது.